அடியில் கிடந்தது

கிரூனாவிலிருந்து ஒரு ஜாம் பாட்டில் வந்தது.
லிங்கன்பெர்ரி என்று அச்சிட்ட தாளின் மேல்
பென்சிலில் இரண்டு வரி:
உங்கள் பீப்பாயின் அடியில் கிடந்தது.
நாங்கள் யாரும் சாப்பிடவில்லை.
இல்வா, ரயில் கழுவும் கொட்டகை.

பார்க்கக் கற்கண்டேதான்.
அறிக்கையில் அப்படி எழுத முடியாது என்பதால்
நிறமற்ற ஊசிப் படிகங்கள் என்று எழுதினேன்.
ஆக்சாலிக் அமிலம்.
பிரேக் தூசியின் துருவைப்
பெட்டிகளின் மேலிருந்து எடுக்க
நாங்களே போட்டு அனுப்பியது.

லூலியோவில் எங்கள் கலவைக்கூடம் எப்போதும் இருபது டிகிரி.
இருபதில்
நூறு பங்கு நீர் ஒன்பது பங்கு சுமக்கும்.
நாங்கள் எட்டு ஏற்றினோம்.
பூஜ்யத்தில் அதே நீரால் மூன்றரைதான் முடியும்.
மீதியை வழியில் எங்கோ
காலிவாரே தாண்டி, இருட்டில், லாரிக்குள்
சத்தமில்லாமல் இறக்கி வைத்திருக்கிறது.
நீர்மேல் குற்றம் இல்லை.

இல்வா தொலைபேசியில் சொன்னாள்:
மூன்று வாரம் எல்லாப் பெட்டியையும் இரண்டு முறை கழுவினோம்,
துரு நகரவில்லை.
பிறகு யாரோ பீப்பாயை ஹீட்டர் பக்கம் உருட்டி வைத்தார்கள்.
கலக்கவில்லை.
அடியில் கரைந்தது அடியிலேயே நின்றது.
குழாய் அதை உறிஞ்சிய நாளில்
ஒரு கதவின் நீலம் வெளுத்துப்போனது.
என் கையுறையில் ஓட்டை இருந்தது,
அது உங்கள் தப்பில்லை.
மணிக்கட்டில் காசளவு சிவப்பு.
கடிகாரப் பட்டை மறைத்துவிடும்.

ஒரே பீப்பாய்க்குள்
மேலே ஓர் அமிலம், கீழே வேறோர் அமிலம்,
வெளியே ஒரே லேபிள்.

குறைத்துவிடலாம் என்றேன் கூட்டத்தில்.
விற்பனைக்காரன் பெர்டில் நாற்காலியோடு பின்னுக்குப் போனான்.
எட்டு என்று கொட்டை எழுத்தில் இருக்கிறது,
மூன்று என்றால் எவன் வாங்குவான்?

பதினான்கு சீசா.
பகலில் மேசைமேல், இரவில் குளிர்பெட்டியில்.
ஐந்தாம் இரவு எல்லாம் தெளிவாகவே நின்றன.
நம்பவில்லை நான்.
ஜாம் பாட்டிலைத் திறந்து
ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு படிகத்தைப் போட்டேன்,
பாலுக்கு உறை குத்துவதுபோல.
விடிவதற்குள் பன்னிரண்டு உறைகொண்டுவிட்டன.

மிஞ்சிய இரண்டில் ஒன்று
மூன்றாம் நாள் மங்கியது, கழுநீர் மாதிரி.
அதற்கு மட்டும் குழாய்த்தண்ணீர் ஊற்றியிருந்தேன்;
சுண்ணாம்பு.
அந்த வெண்மையை எந்த வெயிலும் திரும்பக் கரைக்காது.

ஆக, பதினோராம் சீசா.
ஆக்சாலிக் மூன்று, சிட்ரிக் ஐந்து,
உப்பு நீக்கிய நீர்.

பீப்பாய் நிரப்பும் எஸ்கில் நியேமி
படிக்கட்டில் என்னை நிறுத்தினான்.
திரும்பி வரும் பீப்பாயில் பழசை
இரண்டு விரல் உயரம் விட்டுத்தான் புதுசு ஊற்றுவேன்,
எப்போதும்.
குளிரில் அலசக் கை வராது.
யாரும் கேட்கவில்லை, அதனால் சொல்லவில்லை.
மறுநாள் அவனுக்கு வெந்நீர்க் குழாய் போட்டுக்கொடுத்தோம்.
அறிக்கையில் அவன் பெயர் இல்லை.

பெர்டில் புதிய லேபிளை நீட்டினான்.
மூன்றும் ஐந்தும் எத்தனை? என்று கேட்டான்.
அதே கொட்டை எழுத்து.
அதே எட்டு.
பொய் இல்லை என்பதால் கையெழுத்துப் போட்டேன்.

பிப்ரவரியில், மைனஸ் முப்பத்தொன்றில்,
பால்கனியில் வைத்த பதினோராம் சீசா
மொத்தமும் கல்லானது.
அடுப்படியில் வைத்தேன்.
உருகி, இரண்டு முறை குலுக்கியதும்
ஒன்றும் நடவாததுபோல் நின்றது.

மார்ச்சில் இன்னொரு பாட்டில், அதே தாள்.
பென்சில் வரி இல்லை.
உள்ளே நிஜமாகவே ஜாம்.
வெளிச்சத்தில் பிடித்துத்
தலைகீழாகக் கவிழ்த்தேன், பழக்கம்.

அடியில்
சர்க்கரை பூத்திருந்தது.

அதற்கு அறிக்கை எழுதவில்லை.
ரொட்டியில் தடவித் தின்றேன்.
பல்லில் நறநறவென்றது.